முந்தி ஓடும் பிள்ளைக்கு வீட்டில் பாடம்



ஆண்டுதோறும் இம்மலரில் கல்வி பற்றி ஒரு கட்டுரை எழுதும் பொறுப்பைச் செயற்குழுவினர் அடியேனிடம் ஒப்படைத்துள்ளனர். முன்னர் எழுதியவற்றில் பின்தங்கிய மாணவர்களைப் பற்றியே பேசினேன். இம்முறை எடுத்துக்கொண்ட பொருள் முந்தி ஓடும் பிள்ளைகளைப் பற்றியது. "அவர்களுக்கு என்ன குறை?" என்று நீங்கள் கேட்கக்கூடும். வகுப்பறையில் நின்ற காலத்தில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தால் நேர்ந்த பிழை ஒன்றையும் இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

விஜயதசமியன்று வந்த தாயார்

சென்ற விஜயதசமியன்று நம் ஆலய மண்டபத்தில் சிறு பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கும் சடங்கு முடிந்து, தட்டுகளை ஒதுக்கிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு தாயார் தம் இரு பிள்ளைகளுடன் என்னிடம் வந்தார். பல்லாண்டுகளுக்கு முன் என் வகுப்பில் படித்தவர். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஏழு. கையில் ஒரு கோப்பு வைத்திருந்தார்.

"சார், அடுத்த வருசத்திலேர்ந்து ரெண்டு பேரையும் வீட்டிலேயே வச்சுப் படிக்க வைக்கலாம்னு இருக்கேன். வேலையை விடவும் முடிவு பண்ணிட்டேன். இந்த அட்டவணையை நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லணும்" என்றார்.

காரணத்தைக் கேட்டேன். மகள் வகுப்பு வேலையை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறாள். பிறகு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். கையைத் தூக்கினால் "உனக்குத்தான் தெரியுமே, உட்காரு" என்கிறார்களாம். திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி. மருத்துவரிடம் காட்டியும் வயிற்றில் ஒன்றுமில்லை. தம்பியும் அதே வழியில் போகிறான்.

"உனக்குத்தான் தெரியுமே, உட்காரு" என்ற சொல்லை நானும் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆகவே யாரையும் குறை கூற எனக்குத் தகுதியில்லை.

அட்டவணையைப் பார்த்தேன். காலை எட்டு மணி முதல் மாலை நான்கு வரை பாடம். இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவம் வரையிலான கணிதம், அறிவியல், ஆங்கிலம், கணினி என்று ஒரு கட்டமும் காலியின்றி அழகாக நிரப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கும் அரை நாள் உண்டு. தமிழ் வாரத்திற்கு அரை மணி. விளையாட்டு இல்லை. இன்னொரு பிள்ளையின் பெயரும் எங்கும் இல்லை.

மகளை அழைத்து, "ஆறை அரையால் வகுத்தால் எவ்வளவு, பாப்பா?" என்று கேட்டேன். கேட்டு முடிக்குமுன் "பன்னிரண்டு" என்றாள். "வகுத்தால் குறையத்தானே வேண்டும், ஏன் கூடுகிறது?" என்றேன். "கீழே இருக்கிறதை மேலே மாத்திப் பெருக்கணும் சார், அதுதான் முறை" என்றாள். முறை சரி. ஆனால் ஏன் என்பதற்கு அவளிடம் விடை இல்லை.

பூசைத் தட்டிலிருந்து ஆறு வாழைப்பழங்களை எடுத்து வைத்தேன். "ஆளுக்குப் பாதிப் பழம் கொடுத்தால் எத்தனை பேருக்கு வரும்?" என்றேன். தம்பி விரலால் எண்ணி, "பன்னிரண்டு பேருக்கு!" என்று கத்தினான். அக்காள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படின்னா ஆளுக்குக் கால்வாசி கொடுத்தா இருபத்து நாலு பேருக்கு வரும். அதான் கூடுதா!" என்றாள். அவள் முகத்தில் அப்போது வந்த மகிழ்ச்சியை அவள் தாயாரும் கண்டார்.

அந்தப் பிள்ளைக்கு வேண்டியது மூன்றாம் படிவப் புத்தகமா, அல்லது தன் கேள்வியைக் கேட்க ஓர் ஆளா என்று நான் அந்தத் தாயாரைக் கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார். நானும் யோசித்தேன். அதன் பயனே இக்கட்டுரை.

அடியேன் செய்த பிழை

நம் நாட்டில் 1996ஆம் ஆண்டு முதல் 2000 வரை முதல் நிலை மதிப்பீடு என்றொரு தேர்வு நடந்தது. பி.டி.எஸ். என்றால் மூத்த பெற்றோர்க்கு நினைவிருக்கும். மூன்றாம் ஆண்டில் அதில் சிறந்து தேறும் மாணவர்கள், பெற்றோர் இசைந்தால், நான்காம் ஆண்டைத் தாண்டி நேரே ஐந்தாம் ஆண்டுக்குச் செல்லலாம்.

1998இல் என் வகுப்பு மாணவன் ஒருவன் அதில் தேறினான். அவன் தந்தையார் பால்மரம் சீவும் தொழிலாளி. தயங்கினார். "வாத்தியாரே, பையன் சின்னவனா இருக்கானே, பெரிய பசங்களோட உக்காந்தா தாங்குவானா?" என்று கேட்டார். இந்த வாய்ப்பு எல்லோருக்கும் வராது என்று நான்தான் வற்புறுத்திக் கையொப்பம் வாங்கினேன். நம் வகுப்பிலிருந்து ஒருவன் தாவினான் என்ற பெருமை எனக்கு இருந்தது.

கணக்கில் அவனுக்குத் தொல்லை இல்லை. மலாய் மொழியில்தான் ஓராண்டுப் பாடம் விடுபட்டுப் போயிற்று. 2000இல் யு.பி.எஸ்.ஆர். எழுதினான். மலாய் மொழியில் போதிய தேர்ச்சி இல்லாததால் 2001இல் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் அமர்த்தப்பட்டான். முதல் படிவத்திற்கு அவன் சென்ற 2002ஆம் ஆண்டில்தான் அவனுடைய பழைய வகுப்புத் தோழர்களில் நன்கு தேறியவர்களும் அங்கு வந்து சேர்ந்தார்கள். தாவிய ஓராண்டு அப்படியே கரைந்தது. பழைய தோழர்களோடு மறுபடி ஒட்டவும் அவனால் முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் திருவிழா அன்னதானத்தில் அவனைக் கண்டேன். நல்ல வேலையில் இருக்கிறான். காலைத் தொட்டு வணங்கினான். பேச்சுவாக்கில், "எனக்கு நாலாம் வகுப்பே இல்லாமப் போச்சு சார். பசங்க எல்லாம் அந்த வருசத்துக் கதையைப் பேசும்போது நான் சும்மா கேட்டுக்கிட்டிருப்பேன்" என்றான். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

பிள்ளைக்கு வயது ஒன்றல்ல. அறிவுக்கு ஒரு வயது, உடலுக்கு ஒரு வயது, மனத்துக்கு ஒரு வயது. கணக்கில் பதின்மூன்று வயதாக இருக்கும் பிள்ளை, நட்பில் ஒன்பதாகவும் கோபத்தில் ஏழாகவும் இருக்கக்கூடும். நான் அன்று ஒரு வயதை மட்டுமே பார்த்தேன். வீட்டில் பாடம் சொல்ல முனையும் பெற்றோர் இந்த மூன்று வயதுக்கும் சேர்த்தே ஆயத்தம் செய்ய வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

வீட்டில் படித்த ஒரு தமிழ்ப் பிள்ளை

வீட்டுக் கல்வி நமக்குப் புதியதன்று. 1983ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட சுப்பிரமணியன் சந்திரசேகர் பன்னிரண்டு வயது வரை பள்ளிக்கூடம் சென்றதில்லை. 1910 அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தவர். தந்தையார் சந்திரசேகர சுப்பிரமணிய ஐயர் இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறையில் அதிகாரி. வீட்டில் ஆங்கிலத்தையும் கணக்கையும் தந்தையார் சொல்லிக்கொடுத்தார், தமிழைத் தாயார் சீதாலட்சுமி சொல்லிக்கொடுத்தார். தனி ஆசிரியர்களும் வந்து கற்பித்தனர். அவ்வம்மையார் நார்வே நாட்டு நாடக ஆசிரியர் இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்தவர். பத்துப் பிள்ளைகளுக்குத் தாய்.

1920 ஏப்ரலில் கணிதமேதை இராமானுஜன் மறைந்த செய்தியை நாளேட்டில் படித்து, பத்து வயதுகூட நிரம்பாத தம் மகனுக்குச் சொன்னவர் அத்தாயாரே. அதைச் சந்திரசேகர் முதுமையிலும் நினைவுகூர்ந்தார். அட்டவணையில் இல்லாத ஒரு பாடம் அது. அந்தச் சிறுவன் மனத்தில் அது எழுபது ஆண்டுகள் நின்றது.

குடும்பம் 1918இல் சென்னைக்கு வந்தது. 1922இல், நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மகனைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியில் சேர்த்தார்கள். பிறகு 1925 முதல் 1930 வரை மாநிலக் கல்லூரி. மகன் அரசுப் பணிக்குப் போக வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். விரும்பியதைப் படி என்று மகன் பக்கம் நின்றவர் தாயார். 1930இல் கேம்பிரிட்ஜ் செல்ல உதவித்தொகை கிடைத்தபோது அவ்வம்மையார் நோயுற்றிருந்தார். தமக்காகத் தங்க வேண்டாம், போக வேண்டும் என்று அவரே வற்புறுத்தினார். மறு ஆண்டு காலமானார். அந்தக் கப்பற் பயணத்தில்தான் பத்தொன்பது வயது இளைஞர், சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் பொருள் கொண்ட விண்மீன் வெண்குள்ளனாக நிலைத்திருக்க இயலாது என்னும் முடிவுக்கு வழிவகுத்த கணக்கைப் போட்டார்.

இதில் நான் கற்ற பாடம் மூன்று. பெற்றோர் இருவரும் பாடங்களைப் பகிர்ந்துகொண்டார்கள். தெரியாததற்கு வேறு ஆசிரியரை அழைத்தார்கள். காலம் வந்தபோது பிள்ளையைக் கையிலிருந்து விட்டார்கள். தொடங்குவதைவிட விடுவதுதான் கடினம்.

வீட்டில் படித்த இன்னொரு பிள்ளை

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1806இல் பிறந்தவர். அவர் தந்தை ஜேம்ஸ் மில் இந்திய வரலாற்று நூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்த அதே மேசையில் மகனையும் உட்கார வைத்துப் பாடம் சொன்னார். மூன்று வயதில் கிரேக்க மொழி, எட்டு வயதில் இலத்தீன். தெரியாத ஒவ்வொரு சொல்லையும் மகன் தந்தையைக் கேட்பான், எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் விடை சொல்வார். காலையில் இருவரும் நடந்துகொண்டே முதல் நாள் படித்ததைப் பேசுவார்கள். இவையெல்லாம் நாம் பின்பற்றத் தக்கவை.

ஆனால் சோம்பல் வந்துவிடும் என்று விடுமுறையே கொடுக்கவில்லை. மற்றச் சிறுவர்களோடு பழக விடவில்லை. தம்பி தங்கையர்க்குப் பாடம் சொல்வதும் அவன் வேலையாயிற்று. அதனால் தன் பாடம் ஆழப் பதிந்தது என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். எனினும் வீட்டில் அவனுக்கு மாணாக்கர் இருந்தார்களே தவிர விளையாட்டுத் தோழர் இல்லை. 1826இல், இருபது வயதில், எதிலும் மகிழ்ச்சி இல்லாத இருள் அவர் மனத்தைப் பற்றியது. கவிதையும் இசையும்தான் மெல்ல மெல்ல அவரைத் தேற்றின. தந்தையாரின் கல்வியில் குறைந்துபோனது கனிவு என்று 1873இல் வெளிவந்த தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இரண்டு வீடுகளிலும் அறிவுக்குக் குறைவில்லை. மற்ற இரண்டு வயதுகளையும் யார் கவனித்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

ஆயத்தம் செய்வோர்க்குச் சில குறிப்புகள்

1. முதலில் சட்டம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திற்குப் பின்னரே தோட்டங்கள் பலவற்றில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி வந்தது. பள்ளி என்பது நம் முன்னோர்க்கு எளிதில் கிடைத்த பொருளன்று. 2003 முதல் நம் நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோர்க்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். வீட்டில் கற்பிக்க விரும்புவோர் கல்வி அமைச்சுக்கு எழுத்து வழி விண்ணப்பித்து விலக்குப் பெற வேண்டும். மாவட்டக் கல்வி இலாகாவில் விவரம் கேளுங்கள். விடை வரும்வரை பிள்ளை பள்ளிக்குச் செல்லட்டும்.

2. கடைசித் தேர்வை முதலிலேயே பாருங்கள். எஸ்.பி.எம். தேர்வைத் தனியார் மாணவராக எழுதலாம். ஆனால் மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறாதவர்க்குச் சான்றிதழ் இல்லை. கணிதத்தில் மேதையாக இருந்தாலும் இது பொருந்தும். என் மாணவனுக்கு நேர்ந்ததை நினைவில் கொள்ளுங்கள்.

3. எட்டு மணி நேரம் வேண்டாம். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் முப்பது நிமிடப் பாடவேளையில் ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் தரக்கூடியது ஒரு நிமிடம். வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு தாய். பசியாறிய பின் காலையில் இரண்டு மூன்று மணி நேரம் ஒழுங்காக நடந்தால் போதும். மீதி நேரம் வாசிக்கவும், தோட்டம் போடவும், சைக்கிள் ஓட்டவும், சும்மா இருக்கவும் வேண்டும். சும்மா இருக்கும்போதுதான் பிள்ளைக்குத் தன் கேள்வி பிறக்கிறது.

4. மேலே ஏறுமுன் ஆழம் பாருங்கள். அடுத்த புத்தகத்தைத் திறக்குமுன், படித்ததைத் தம்பிக்கோ பாட்டிக்கோ தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளக்க முடிந்தால் மேலே செல்லலாம். திணறினால் அங்கேயே நின்று வாழைப்பழத்தை எடுங்கள்.

5. தமிழை அரை மணிக்குள் அடைக்காதீர்கள். பள்ளியை விட்டு வெளியே வரும் பிள்ளை முதலில் இழப்பது தாய்மொழியைத்தான், ஏனெனில் கணினியும் புத்தகமும் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுகின்றன. நாளேடு வாசித்துச் செய்தி சொல்வது நல்ல பழக்கம்.

6. எல்லாப் பாடத்தையும் தாயே சொல்ல வேண்டியதில்லை. தந்தையார், ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லூரியில் படிக்கும் அண்ணன் என்று யார் எதைக் கற்பிக்கலாம் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் மீத்திறன் மாணவர்களுக்கான திட்டம் 2009இல் தொடங்கப்பட்டது. அதன் தகுதித் தேர்வு பற்றியும் கேட்டு வையுங்கள்.

7. சம வயதுத் தோழர்களை அட்டவணையிலேயே எழுதுங்கள். திடலில் பந்தாட்டம், ஆலயத்தில் தேவார வகுப்பு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எதுவாயினும் சரி. அங்கே நம் பிள்ளை முதலாவதாக வர வேண்டியதில்லை. தோற்றும் வர வேண்டும்.

8. ஆறு மாதத்திற்கு ஒருமுறை பிள்ளையைத் தனியே அழைத்து, "உனக்கு இது பிடித்திருக்கிறதா, பள்ளிக்குத் திரும்ப ஆசையா?" என்று கேளுங்கள். திரும்ப விரும்பினால் அது தோல்வியன்று. பள்ளியாசிரியரோடு மனக்கசப்பில்லாமல் விடைபெற்றிருந்தால் திரும்புவதும் எளிது.

9. தாயின் நலத்தையும் எண்ணுங்கள். வேலையை விட்டால் வீட்டு வருமானம் எவ்வளவு குறையும், அதைக் குடும்பம் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கணவனும் மனைவியும் தாளில் எழுதிப் பாருங்கள். "உனக்காகத்தான் வேலையை விட்டேன்" என்ற சொல் பிற்காலத்தில் பிள்ளையின் காதில் விழக்கூடாது. அந்தக் கடனை எந்த மதிப்பெண்ணாலும் அடைக்க முடியாது.

முடிவாக

அந்தத் தாயார் தைப்பூசத்திற்குப் பின் மறுபடி வந்தார். வேலையை விடவில்லை, அரை நேர வேலையாக மாற்றிக்கொண்டிருக்கிறார். விண்ணப்பத்தை அனுப்பியிருக்கிறார். விடை வரும்வரை இருவரும் பள்ளிக்குப் போகிறார்கள். வகுப்பாசிரியரைச் சந்தித்து அமைதியாகப் பேசியதில், வேலையை முடித்தபின் மகள் நூலகப் புத்தகம் வாசிக்க இசைவு கிடைத்திருக்கிறது. மாலையில் வீட்டில் ஒன்றரை மணி நேரம் பாடம். சனிக்கிழமைகளில் நம் மண்டபத்தில் தமிழ் வாசிக்கத் தடுமாறும் இரண்டு சிறுமிகளுக்கு அவள் துணையாக உட்காருகிறாள். மில்லின் கதையை நினைத்து, அரை மணிக்கு மேல் வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். அதன்பின் மூவரும் வெளியே ஓடிவிடுகிறார்கள்.

திங்கட்கிழமை வயிற்றுவலி முற்றும் போகவில்லை, குறைந்திருக்கிறது என்றார். விலக்குக் கிடைத்தால் வீட்டுக் கல்வியைத் தொடங்குவாரா என்று நான் கேட்கவில்லை. அது அவரும் அவர் கணவரும் பிள்ளைகளும் கூடி எடுக்க வேண்டிய முடிவு. புதிய அட்டவணையை மட்டும் காட்டினார். அதில் பல கட்டங்கள் காலியாக இருந்தன.

அன்புடைய பெற்றோர்களே, உங்கள் பிள்ளை முந்தி ஓடினால் மகிழுங்கள், இறைவனுக்கு நன்றி சொல்லுங்கள். வீட்டிலோ பள்ளியிலோ எங்கே படித்தாலும், ஓடும் பிள்ளை திரும்பிப் பார்க்கும்போது உடன் வர ஆள் இருக்க வேண்டும். அன்று அந்தத் தந்தையார் கேட்ட கேள்விக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து நான் சொல்லும் விடை இது. எல்லாம் வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்கு நல்லறிவும் நல்ல தோழமையும் அருள்வாராக.